கட்டு தூக்குனவன் சொல்றன், வக்கீலய்யா

வா பேராண்டி, குந்து. அந்த செல்போன மட்டும் செத்தக் கவுத்து வையி. நான் பேசறத நீ பாட்டுக்கு லைவ்ல போட்டுடப் போற. இந்த வயசுக்கு மேல எனக்கு ரசிகருங்க வாணாம்.

உன் வீடியோவ பாத்தன். கோர்ட்டுப் படியில எறங்கி வர்ற, கறுப்புக் கோட்டு காத்துல பறக்குது, கண்ணுல கூலிங் கிளாஸு, பின்னால சினிமாப் பாட்டு. கீழ எழுத்து ஓடுது, 'நீதி வென்றது'ன்னு. எந்த நீதிடா அதுன்னு குமாஸ்தாகிட்ட விசாரிச்சன். வாய்தா வாங்கிட்டு வந்திருக்கிற. வாய்தாவுக்கே இத்தினி பாட்டுன்னா, நாளைக்கு ஒரு கேஸு நெசமாவே ஜெயிச்சுட்டா ஊர்கோலந்தான் வுடணும் போல.

நான் குத்தம் சொல்லல. குத்தம் சொல்ல நான் யாரு? காலம் பூரா வக்கீல் ஊட்டு கட்டு தூக்குனவன். நீ சட்டம் படிச்சவன். படிச்சதுல ஒண்ணு ரெண்டு உனக்கே மறந்திருக்குமோன்னு ஒரு சந்தேகம், அவ்வளவுதான்.

பார் கவுன்சில் விதி 36-ன்னு ஒண்ணு இருக்குது, கேள்விப்பட்டிருப்ப. வக்கீல் நேராவோ சுத்தி வளைச்சோ கேஸு புடிக்கக் கூடாது, விளம்பரம் பண்ணக் கூடாது, தரகரு வெச்சுக்கக் கூடாது, தான் நடத்துற கேஸு சம்பந்தமா போட்டோ போட்டுக்கக் கூடாது. 2008-ல கொஞ்சம் தளத்தி, வெப்சைட்டு வெச்சுக்கலாம்னாங்க. பேரு, விலாசம், போன், மெயிலு, பதிவு எண்ணு, படிப்பு, எந்த மாதிரி கேஸு நடத்துவன்னு ஒரு வரி. அந்தப் பட்டியல்ல கூலிங் கிளாஸு இருக்குதான்னு தேடிப் பாத்துட்டன். இல்ல.

அமெரிக்காவுல நெலம வேற. 1977-ல பேட்ஸுன்னு ஒரு வழக்குல அந்த ஊரு சுப்ரீம் கோர்ட்டே வக்கீல் விளம்பரம் போடலாம்னு சொல்லிடுச்சு. அது அரிசோனா மாநிலத்துலேர்ந்து போன வழக்கு. அங்க பதிவு பண்ணிக்கிட்டு தெனம் பத்து ரீல்ஸு போடு, நானே லைக் போடறன். நீ பதிவு பண்ணது தமிழ்நாடு பார் கவுன்சில்ல. 2024 ஜூலை 3-ந் தேதி நம்ம ஹைகோர்ட்டுல நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் அமர்வு போட்ட உத்தரவு ஞாபகம் இருக்குதா? இணையத்துல கேஸு புடிக்கிற வக்கீலுங்க மேல ஒழுங்கு நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநில பார் கவுன்சிலுங்களுக்கு எழுதணும், நாலு வாரம் கெடுன்னு இந்திய பார் கவுன்சிலுக்கு சொன்னாங்க. சுலேகா, ஜஸ்ட் டயல், குவிக்கர்ல இருந்த வக்கீல் விளம்பரத்தையும் எடுக்கச் சொன்னாங்க. அடுத்த வருசம் மார்ச்சுல பார் கவுன்சில் மறுபடியும் ஒரு அறிக்கை வுட்டுது, நடிகருங்களையும் இன்ஃப்ளூயன்சருங்களையும் வெச்சு வக்கீலுங்க விளம்பரம் பண்ணக் கூடாதுன்னு. நீ கெட்டிக்காரன். நடிகருக்கு சம்பளம் குடுக்காம நீயே நடிச்சுட்ட.

போர்டு மாத்துனீங்களே, அதையும் பாத்தன். முந்தி சீனியரு பேரு போட்டு ஒரு பலவ மட்டுந்தான். இப்ப 'அண்டு அசோசியேட்ஸ், லா ஃபர்ம்'னு வெளக்குப் போட்டு மின்னுது. ஷிஃப்டு முடிஞ்சு வர்றவன் ராத்திரியில ஓட்டலுன்னு நெனச்சு வண்டிய நிறுத்துறானாம். போர்டு நியாயமான அளவுல இருக்கணும்னு அதே 36-ல எழுதியிருக்குது, அது இருக்கட்டும். உள்ள எட்டிப் பாத்தா ஒரு சீனியரு, நீங்க ரெண்டு ஜூனியரு, டைப் அடிக்கிற பொண்ணு, ஒரு குமாஸ்தா, ஒரு ஃபேனு. ஃபேனுதான் எல்லாரு கூடவும் அசோசியேட் ஆயிருக்குது. மத்தவங்க ஒருத்தருக்கொருத்தரு பேசிக்கிற மாதிரியே தெரியல.

எனக்குப் புரியாத எடம் இதுதாண்டா. எத வெளியில சொல்லக் கூடாதோ அத ஊருக்கே படம் காட்டுறீங்க. எத ஆபீசுக்குள்ள ஒருத்தருக்கொருத்தரு சொல்லியே ஆகணுமோ அத மூச்சு வுடறதில்ல.

மொதல்ல வெளியில போறத எடுத்துக்க. போன மாசம் ஒரு பதிவு போட்டிருந்தியாம். 'பேரு போடலியே தாத்தா'ங்கிற. ஆமாம், போடல. சுரங்கத்துல ரெண்டாம் ஷிஃப்டு பாக்குறவரு, சம்சாரம் டீச்சரு, மூத்த புள்ள சிங்கப்பூர்ல, விவாகரத்து கேஸுன்னு மட்டும் போட்ட. நெய்வேலி டவுன்ஷிப்புல இதுக்கு மேல என்னாடா விலாசம் வேணும்? மெட்ராசுல சொன்னா லட்சம் பேருல ஒருத்தன். இங்க மெயின் பஜாருல கால் கிலோ கத்திரிக்கா நிறுக்குறதுக்குள்ள எந்த வட்டம், எந்த குவார்ட்டர்ஸுன்னு வந்துடும். வேல எடமும் ஒண்ணு, குடியிருக்குற எடமும் ஒண்ணு, புள்ளைங்க படிக்கிற பள்ளிக்கூடமும் ஒண்ணு. இந்த ஊருல பேரு போடாட்டாலும் போட்ட மாதிரிதான்.

கட்சிக்காரன் சொன்னத அவன் சம்மதம் இல்லாம வக்கீல் வெளியில சொல்லக் கூடாது. 1872 சாட்சியச் சட்டத்துல 126-ஆ இருந்தது, இப்பப் புதுச் சட்டத்துல 132. வக்கீலோட குமாஸ்தாவுக்கும் அதே கட்டுதான். உன் பாட்டி இத்தினி வருசமா என்னக் கொடஞ்சு பாத்துட்டா, இன்னார் ஊட்டு சொத்து கேஸு என்னா ஆச்சுன்னு. வாயத் தொறக்கலியே. அவளுக்கு என் மேல இருக்குற கோவத்துல பாதி இந்த 132-ஆலதான். நீ என்னடான்னா சோறு போடாத இன்ஸ்டாகிராமுக்கு எல்லாத்தையும் ஒப்பிக்கிற.

இப்ப உள்ள வா. இதுதான் எனக்கு வயித்தெரிச்சல்.

பழைய 1894 நிலமெடுப்புச் சட்டத்துல 28ஏ-ன்னு ஒரு பிரிவு இருக்குது. 1984 திருத்தத்துல வந்தது. ஒரே அறிவிக்கையில உன் காட்டையும் பக்கத்துக் காட்டையும் எடுக்குறாங்கன்னு வையி. நீ அவங்க குடுத்த பணத்த வாங்கிக்கிட்டு, கோர்ட்டுக்கு அலைய தெம்பில்லாம ஊட்டுல இருந்துட்ட. பக்கத்துக் காட்டுக்காரன் நெலமெடுப்பு மனு, அதான் எல்.ஏ.ஓ.பி., போட்டு கோர்ட்டுல கூடுதலா வாங்கிட்டான். அப்ப நீயும் அதே வெலய கேக்கலாம், கலெக்டருக்கு ஒரு மனு குடுத்தாப் போதும். ஏழ பாழைங்களுக்குன்னே வெச்ச சட்டம். சுரங்கத்துக்கு நெலம் குடுத்த இந்தச் சீமையில இத வுடப் பெரிய பிரிவு எதுடா?

ஆனா கெடு இருக்குது. கோர்ட்டு தீர்ப்புத் தேதியிலேர்ந்து 3 மாசம். நகல் வாங்க ஆன நாள வேணும்னா கழிச்சுக்கலாம். 'தீர்ப்பு வந்ததே எனக்குத் தெரியாதுங்க சாமி'ன்னு அழுதா? அதுக்கும் சுப்ரீம் கோர்ட்டு பதில் சொல்லிடுச்சு. 2003-ல மர்ரி வெங்கய்யா வழக்குல, கெடு தீர்ப்புத் தேதியிலேர்ந்துதான், உனக்குத் தெரிஞ்ச தேதியிலேர்ந்து இல்லன்னுட்டாங்க. அறுவத்தஞ்சு வயசு மல்லாட்டக்காரனுக்கு கோர்ட்டுல எந்தத் தேதியில என்னா தீர்ப்புன்னு எப்பிடித் தெரியும்? வக்கீல் ஆபீசு சொன்னாத்தான் தெரியும். ஆபீசுக்கு எப்பிடித் தெரியும்? ஆபீசுக்குள்ள ஒருத்தன் சொன்னாத்தான் தெரியும்.

ஒரு ஆபீசுல நடந்தது சொல்றன். எந்த ஆபீசுன்னு கேக்காத, 132. ஒரு ஜூனியரு எல்.ஏ.ஓ.பி. நடத்தி நல்ல வெல வாங்குனான். கட்டு பீரோவுல மேல்தட்டுல போச்சு. அதே ஊரு, அதே அறிவிக்கை, பக்கத்து சர்வே நம்பருக்காரரோட பாகப்பிரிவினை கேஸு அதே ஆபீசுல, இன்னொரு ஜூனியருகிட்ட. அந்தக் கட்டு கீழ்த்தட்டுல. மேல்தட்டுல பணம் இருக்குது, கீழ்த்தட்டுல அதுக்கு உரிமையுள்ள ஆளு இருக்குறாரு. நடுவுல ஒரு ஜாண் தூரம். ரெண்டு ஜூனியரும் ஒரே வாட்சப் குரூப்புல தெனம் காலையில ரோசாப்பூ போட்டு குட்மார்னிங் சொல்லிக்கிட்டாங்க. 3 மாசம் ஓடிப்போச்சு.

அந்தாளு வந்து கேட்டப்ப ரெண்டு பேருமே பாவம் போல முழிச்சாங்க. பொய்யில்ல, நெசமாவே தெரியாது. ஒருத்தனுக்குத் தெரிஞ்சது இன்னொருத்தனுக்குத் தெரியாது, அவ்வளவுதான். இத்தன வருசம் பாத்துட்டன். வக்கீல் ஆபீசுங்க தோக்குறது சட்டம் தெரியாம இல்ல, உள்ள இருக்குறது உள்ள இருக்குறவனுக்கே தெரியாமத்தான்.

சட்டத்துக்குள்ளயும் இதே கூத்து இருக்குது. 28ஏ-வுல மொத வந்த தீர்ப்ப வெச்சுத்தான் கேக்க முடியும்னு 1994-ல பாபுவா ராம் வழக்குல சுப்ரீம் கோர்ட்டு சொல்லுச்சு. அடுத்த வருசமே பிரதீப் குமாரி வழக்குல மூணு நீதிபதி பெஞ்சு, பின்னால வந்த தீர்ப்ப வெச்சும் கேக்கலாம்னுட்டாங்க. மொதல்ல வந்தத மட்டும் படிச்ச ஒரு ஜூனியரு, வந்த கட்சிக்காரனுங்கள 'வாய்ப்பில்லைங்க'ன்னு திருப்பி அனுப்பியிருந்தா? பழைய தீர்ப்போட தலையில 'இது போச்சு, அத பாரு'ன்னு பென்சில்ல ஒரு வரி எழுத எத்தினி நேரம் ஆவும்?

'எங்களுக்கும் குரூப்பு இருக்குது தாத்தா, தீர்ப்பெல்லாம் அதுல வருது'ங்கிற. வருது. காட்டுனியே. பண்டிக வாழ்த்து, யாரோ ஒரு சாமியாரு சொன்னது, கிரிக்கெட்டு, பார் அசோசியேசன் தேர்தலு, நடுவுல ஒரு தீர்ப்பு. அதுவும் மொதப் பக்கம் இல்லாம. நம்ம ஊருல ஒரு டன் கரி எடுக்க அஞ்சு கன மீட்டருக்கு மேல மேல்மண்ண வாரிக் கொட்டுறாங்க. 1957-ல நேரு வந்து வேலய தொடங்கி வெச்சாரு, 1961-லதான் கரி தட்டுப்பட்டுச்சு. அது வரைக்கும் மண்ணுதான். உங்க குரூப்பும் அப்பிடித்தான், என்னா, சுரங்கத்துல மண்ண வேற எடத்துல கொட்டுவாங்க, நீங்க கரிய எடுத்தப்பறம் திரும்ப அது மேலயே கொட்டுறீங்க. மூணு மாசம் கழிச்சு அந்தத் தீர்ப்பத் தேடு, பாப்பம்.

தீர்ப்பு கெடைக்கறது இப்ப ஒண்ணும் கஷ்டமில்ல. நாங்க ஏ.ஐ.ஆர். பொஸ்தகத்த முதுகுல சொமந்தோம். உங்களுக்கு இண்டியன் கானூன் 2008-லேர்ந்து இருக்குது. 2023 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டே இ-எஸ்.சி.ஆர். தொடங்கி, ஏறக்கொறைய 34,000 தீர்ப்ப சும்மாவே பாத்துக்கங்கன்னு வெச்சிடுச்சு. எங்கியும் கெடைக்காதது வேற. எந்தக் கோர்ட்டுல எந்தக் கொறைக்கு மனுவ ரிட்டர்ன் போடுவாங்க, பழைய சர்வே நம்பரு எந்தப் புது நம்பரா மாறுச்சு, சுரங்கத்துக்குப் போன ஊருக்காரங்க எந்த ஊருல குடியேறுனாங்க, வாரிசு சர்டிபிகேட்டுல எந்தப் பேரு எப்பவும் தப்பா வரும். இதெல்லாம் எந்தக் கம்ப்யூட்டர்லயும் இல்ல. உங்க குமாஸ்தா தலையில இருக்குது.

அவரு ஏன் எழுதி வெக்கலன்னு கேக்குற. ஏண்டா எழுதி வெக்கணும்? எழுதி வெச்சுட்டா அப்பறம் அவரு எதுக்குன்னு உன் சீனியரு யோசிப்பாரு. சீனியரு மட்டும் என்னா, தனக்குத் தெரிஞ்சத ஜூனியருக்கு சொல்லிட்டா எதிர்ல போர்டு மாட்டிடுவான்னு பயம். ஜூனியரு தனக்குத் தெரிஞ்சத சகாவுக்கு சொல்லிட்டா சீனியருகிட்ட நல்ல பேரு அவனுக்குப் போயிடும்னு பயம். டைப் அடிக்கிற பொண்ணுக்குத்தான் பயமே இல்ல, எல்லா மனுவும் அதோட கம்ப்யூட்டர்ல இருக்குது. 'நியூ 1', 'நியூ 2', 'ஃபைனல்', 'ஃபைனல் ஃபைனல்'ன்னு பேரு வெச்சிருக்குது. அது கல்யாணமாகிப் போனா உங்க ஃபர்மே தாலியறுத்த மாதிரி ஆயிடும், எழுதி வெச்சுக்க.

லண்டன்ல பெரிய ஃபர்முங்கள்ல இதுக்குன்னே தனியா வக்கீலுங்க இருக்காங்களாம். கோர்ட்டு வாசல மிதிக்க மாட்டாங்க, கட்சிக்காரன் மூஞ்சியப் பாக்க மாட்டாங்க. மாதிரிப் பத்திரம், புதுத் தீர்ப்பு, பழைய கேஸுல கத்துக்கிட்ட சங்கதி, இத ஒழுங்குபடுத்தி மத்த வக்கீலுக்குக் குடுக்குறதுதான் வேல. நாலெட்ஜ் லாயருன்னு பேரு. உன் சீனியருகிட்ட சொல்லிப் பாரேன். கேஸு நடத்தாத வக்கீலுக்கு சம்பளமான்னு மயக்கம் போட்டு வுழுந்துடுவாரு. கேஸு நடத்துற ஜூனியருக்கே அவரு என்னா குடுக்குறாருன்னு எனக்குத் தெரியும். நான் சொன்னனே ஒரு அமர்வு, அதே ரெண்டு நீதிபதிங்கதான், 2024 ஜூன்ல இன்னொண்ணும் சொன்னாங்க. ஜூனியருக்கு மாசாமாசம் உதவித்தொகை குடுக்கணும், சென்னை, மதுரை, கோவையில 20,000 ரூபா, மத்த ஊருல 15,000 ரூபான்னு. எல்லாத் தீர்ப்பையும் பார்வர்டு பண்ற உன் சீனியரு இத மட்டும் எந்தக் குரூப்புலயும் போடல. கவனிச்சியா?

தலையில வெச்சிருந்தாப் போதும்னு இருந்த எங்கள மாதிரி ஆளுங்களுக்கும் ஒரு அடி வுழுந்துச்சு. பழைய தண்டனச் சட்டத்துல 302-ன்னா கொல, 307-ன்னா கொல முயற்சி, 420-ன்னா ஏமாத்து. ஒறக்கத்துல கேட்டாலும் சொல்லுவம். 2024 ஜூலை 1-ந் தேதி விடிஞ்சா 302 போயி 103, 307 போயி 109, 420 போயி 318-ல நாலாம் உட்பிரிவு. 511 பிரிவா இருந்தது 358 ஆயிடுச்சு. இனிமே ஒருத்தன திட்டணும்னாக்கூட 'போடா முந்நூத்திப் பதினெட்டு உட்பிரிவு நாலு'ன்னு மூச்சு வாங்கித் திட்டணும். அந்தத் தேதிக்கு முந்தி நடந்த குத்தத்துக்கு பழைய நம்பரு, பிந்திக்கு புது நம்பரு. ஆக ரெண்டையும் வெச்சிருக்கணும். செவுத்துல ஒரு அட்ட ஒட்டி வெச்சா முடிஞ்சுது. உங்க செவுத்துல என்னா ஒட்டியிருக்குது? சீனியரு மந்திரி கூட நிக்கிற போட்டோ.

ஏ.ஐ. கிட்ட கேட்டுக்குவம்னு மட்டும் சொல்லிடாத. 2023-ல நியூயார்க்குல விமானக் கம்பெனி மேல போட்ட ஒரு கேஸுல, சாட்ஜிபிடி கற்பன பண்ணிக் குடுத்த தீர்ப்புங்கள வக்கீலுங்க அப்பிடியே தாக்கல் பண்ணி 5,000 டாலரு அபராதம் கட்டுனாங்க. இல்லாத கேஸ இருக்குதுன்னு அடிச்சு சொல்ல எங்க காலத்துல மனுசனே தேவப்பட்டான்.

பழையவங்க எல்லாம் பொத்திப் பொத்தி வெச்சாங்கன்னும் நெனச்சுடாத. 1888-ல மயிலாப்பூர்ல வக்கீலுங்க சாட்டர்டே கிளப்புன்னு ஒண்ணு வெச்சிருந்தாங்க. எஸ். சுப்பிரமணிய ஐயரு தலைமை. சனிக்கிழமை ஆனா கூடி, வந்த தீர்ப்ப போட்டு அலசுவாங்க. எதிரெதிர் கட்சிக்கு வாதாடுறவங்கதான், ஆனாலும் ஒரே திண்ணையில. அந்தப் பேச்சுலேர்ந்துதான் 1891-ல மெட்ராஸ் லா ஜர்னல் வந்துச்சு. உன் சீனியரு ரூம்புல கண்ணாடி பீரோவுல தோலட்ட போட்டு அடுக்கியிருக்குதே, வீடியோ எடுக்கறப்ப பின்னால நல்லா வுழுதுன்னு நீ போயி நிக்கிறியே, அதேதான். ஒரு நாளு அதத் தொறந்தும் பாரு.

அவங்க கூடிப் பேசுனது சட்டத்த. கட்சிக்காரன் ஊட்டு சங்கதிய இல்ல. சட்டம் ஊருக்குப் பொதுவு, எங்க வேணா பேசு, எத்தினி பேருக்கு வேணா சொல்லு. சங்கதி அவன் குடுத்து வெச்சது, அது உன்னுது இல்ல.

அதனால நான் சொல்றத கேக்குறதுன்னா கேளு, இல்லாட்டி லைக் மட்டும் போட்டுட்டுப் போ. சனிக்கிழம சாயங்காலம் ஒரு மணி நேரம் போர்டு வெளக்க அணைச்சுட்டு எல்லாரும் உள்ள குந்துங்க. அந்த வாரம் வந்த ரிட்டர்ன் என்னா, எதுக்கு வந்துச்சு, எந்தத் தீர்ப்பு எந்த ஊரு நெலத்துக்கு எவ்வளவு குடுத்துச்சு, வேற எந்தக் கட்டுல அந்த ஊருக்காரரு இருக்குறாரு, இதப் பேசுங்க. கம்ப்யூட்டர்ல ஒரு தாளு போதும். ஊரு, சர்வே நம்பரு, அறிவிக்கை தேதி, தீர்ப்புத் தேதி, வெல, கெடு முடியிற நாளு. குமாஸ்தாவுக்கு அந்த ஒரு மணி நேரத்துக்குத் தனியா ஒரு தொகையும், ஜூனியருக்கு முந்தி ஒரு டீயும் குடுக்கச் சொல்லு. அவரு வாயத் தொறக்கறதப் பாரு. முப்பது வருசத்து சங்கதி கொட்டும், உங்களாலதான் எழுதி முடியாது. ஊரு, சர்வே நம்பரு இருக்குற அந்தத் தாள மட்டும் எந்தக் குரூப்புலயும் போட்டுறாத.

வீடியோ போடாம இருக்க முடியலன்னா போடு. கை நமநமங்கும், எனக்குத் தெரியும். இந்த 28ஏ-வப் பத்தி நம்ம பேச்சுல, மல்லாட்ட பறிக்கிறவனுக்குப் புரியிற மாதிரி ரெண்டு நிமிசம் பேசு. 2014-க்கு அப்பறம் மத்தியச் சட்டத்துல எடுத்த நெலத்துக்கு 2013 சட்டத்துல 73-ம் பிரிவு, அங்கியும் 3 மாசந்தான்னு சேத்து சொல்லு. கோட்டு வாணாம், கண்ணாடி வாணாம், பாட்டு வாணாம். எந்தக் கேஸையும் சொல்லாத. 'என்ன வந்து பாருங்க'ன்னும் சொல்லாத.

கீழ ஒரு போன் நம்பரு ஓடாட்டி வீடியோ மொட்டையா இருக்குதேன்னு உனக்குத் தோணும். ஓட வுடு. 15100-ன்னு போடு. அது இலவச சட்ட உதவி நம்பரு. என்னா, மொகம் சுருங்குது?